வெந்நீர் அடுப்பு

சுசீந்திரம் என்றதும் தாணுமாலயன் கோயிலும், தட்டினால் ஸ்வரம் எழுப்பும் கல் தூண்களும் உங்களுக்கு ஞாபகம் வரும். பழையாறு, தெப்பக்குளம், சுற்றிலும் தென்னந்தோப்பு. இந்த ஊரிலே கெட்ட காற்று எங்கிருந்து வரப்போகிறது என்றுதான் ஐம்பது வயது தாண்டும் வரை நானும் நினைத்திருந்தேன். அது என் வீட்டுக் கொல்லையிலிருந்தே வந்தது என்று தெரிந்தபோது எனக்கு உண்டான வெட்கத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

என் மூத்த பெண் 1992-ல் பிறந்தாள். எடை இரண்டே கால் கிலோ. இரண்டரைக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை என்பது வைத்தியர்கள் கணக்கு. அத்தை, அதாவது என் மாமியார், குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒழுங்கா திங்காம கெடந்தா பிள்ளை எப்பிடிம்மா தேறும்?" என்றார்கள். நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன். ஆனால் தராசு ஒன்று சொல்லும்போது நம் பேச்சு எடுபடுமா? அந்தக் குற்றத்தை முப்பது வருஷம் நெஞ்சில் சுமந்தேன்.

ஏழாம் மாதம் பிறந்த வீட்டுக்குப் போகும்வரை நான் சமைத்தது கொதும்பும் கதம்பையும் எரித்துத்தான். பின்னால் காஸ் வந்தது, அடுக்களை வெளுத்தது. கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பு மட்டும் போகவில்லை. தோப்பிலே சும்மா கிடக்கிற கதம்பையை விட்டுவிட்டு யாராவது காசு கொடுத்து வெந்நீர் போடுவார்களா? உங்களில் எத்தனை பேர் வீட்டில் இந்த அடுப்பு இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், சிரிக்காதீர்கள்.

சென்ற வருஷம் அதே மகள் பேறுகாலத்துக்கு வந்தாள். ஐப்பசி மழை. விடியற்காலையில் ஈரக் கதம்பையை ஊதி ஊதி அவளுக்காக அண்டா நிறைய வெந்நீர் வைத்தேன். கொல்லை, அடுக்களை, அவள் படுத்திருந்த அறை எங்கும் புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்தவள், "அம்மா, வெந்நீர் குளிக்கத்தானே? புகையை எதுக்கு என் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கே?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. அவளோ போனை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள்.

விறகுப் புகையில் கரியமில வாயுவுக்கு அண்ணனான கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அது ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தாய்க்குக் குறைந்தால் சிசுவுக்கும் குறைவுதானே. புகையிலுள்ள நுண்துகளோ தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கு. நுரையீரலோடு நிற்பதில்லை. பெல்ஜியத்தில் 2019-ல் நஞ்சுக்கொடியைச் சோதித்தவர்கள், குழந்தையின் பக்கத்திலேயே கரித்துகளைக் கண்டார்கள். தாயின் வயிறு கோட்டைச் சுவர் என்று நினைத்திருந்தேனே!

நம் தமிழ்நாட்டிலேயே 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் எடை 4 கிராம் குறைகிறதாம். நாலு கிராம் ஒரு சின்னக் கரண்டிச் சர்க்கரைதான். ஆனால் ஊதுகுழலோடு குனிந்திருக்கும் நேரத்தில் கூடுவது பத்தா? நூற்றுக்கணக்கில் அல்லவா!

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. விழுப்புரம், நாகப்பட்டினம் பக்கத்திலும், குவாதமாலா, பெரு, ருவாண்டா தேசங்களிலுமாகச் சுமார் 3,200 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு காஸ் அடுப்பு கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. குழந்தைகளின் எடையோ சராசரியில் இருபது கிராம்தான் கூடியது. அதுவும் நிச்சயமாகச் சொல்ல முடியாத வித்தியாசம் என்று 2022-ல் எழுதினார்கள். அடுப்பு வந்தது கர்ப்பமாகி இரண்டு மாதம் கடந்த பிறகு. மருமகள் உண்டான பிறகு அடுக்களையைத் திருத்துவது பிந்திப்போன காரியமோ என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் யோசனை, ஆராய்ச்சிக்காரர்கள் சொன்னதல்ல.

அன்றே வெந்நீர் அடுப்பின் கல்லைப் பெயர்த்தேன். பேரன் இரண்டு கிலோ எண்ணூறு இருந்தான். கடைசி இரண்டு மாதத்தில் புகையை நிறுத்தியதால் வந்த எடை என்று பெருமை பேச மாட்டேன். என் மகளின் இரண்டே காலுக்கும் புகைதான் காரணம் என்று இனி யார் நிரூபிக்க முடியும்? என் சாப்பாடுதான் காரணம் என்றும் நிரூபிக்க முடியாது. அந்த மட்டுக்கும் நிம்மதி.

அத்தைக்கு இப்போது எண்பத்து நாலு வயது. நாங்கள் பேசியதை எல்லாம் திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வெகுநேரம் கழித்து, "நானும் ஆறு பெத்தேன். அந்தக் கரி அடுக்களையிலேதான். ரெண்டு தங்கல்லே. ரெண்டும் கோழிக்குஞ்சு மாதிரி பெறந்துது" என்றார்கள். அந்த இரண்டைப் பற்றி அதற்கு முன்னால் அவர்கள் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் பேரனைக் குளிப்பாட்டித் துவட்டியதும், பழக்கதோஷத்தால் சாம்பிராணி டப்பாவை எடுத்துவிட்டேன். "அது அங்கன இருக்கட்டும் மக்கா," என்று அத்தை கையை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டார்கள்.