தொன்மையும் ஒரு வனப்பே

சென்ற விடுமுறையில், கல்லூரியில் பயிலும் நம் மகனை அழைத்துக்கொண்டு தியாகராய நகர் ஆற்காடு தெருவிலுள்ள எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அங்கே நிறுத்தி வைக்கப்பட்டுள்ள டி.எம்.எக்ஸ். 4777 என்னும் அம்பாசிடர் காரின் முன்னே ஒரு சிறு கூட்டம் நின்றது. அவர் மறைந்தது 1987 டிசம்பர் 24இல். அதற்குப் பின் பிறந்த இளைஞர்களும் அந்த வண்டியை ஆவலோடு பார்த்து நின்றனர்.

"இதைவிட அழகான வண்டிகள் தெருவெல்லாம் ஓடுகின்றனவே அத்தா, இதில் அப்படி என்ன இருக்கிறது?" என்று மகன் கேட்டான்.

அரபு மொழியில் 'அதீக்' என்றொரு சொல் உண்டு. பழமையானது என்பது அதன் ஒரு பொருள். மேன்மையானது என்பது மற்றொன்று. தொல்காப்பியச் செய்யுளியலோ நூலுக்குரிய எண்வகை வனப்புகளுள் 'தொன்மை'யையும் ஒன்றாக வைத்து, புதுமையைக் குறிக்கும் 'விருந்'தையும் அதே வரிசையில் அமர்த்துகிறது. ஆயினும் பழமை மட்டுமே அழகாகிவிடுமா? துருவும் பழையதுதானே!

நிலைத்த தன்மையே அந்த அழகின் வேர் என்று நமக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, வங்காளத்து உத்தர்பாராவில் 1957 முதல் 2014 வரை உருவான அம்பாசிடர், தன் தோற்றத்தை அதிகம் மாற்றிக்கொள்ளவில்லை. அமைச்சரும் அதில் சென்றார். வாடகைக்கு அமர்த்தியவரும் சென்றார். மரத்தடி மெக்கானிக்கே அதைப் பிரித்துச் சீராக்கிவிடுவார். வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவ்வாறே. இரண்டு கோடுகளில் வரைந்தாலும் அது யாரென்று குழந்தையும் சொல்லும். நம் வண்டலூர்ப் பக்கத்தில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரும், அதைச் செய்த நிறுவனம் மறைந்த பின்னும், அன்பர் சிலரின் கொட்டகைகளில் வாழ்கிறது.

இவ்வளவும் மகனிடம் சொன்னோம். சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. அதை இங்கே சொல்லிவிடுகிறோம்.

மயிலாப்பூர் கச்சேரி சாலையை அடுத்த நம் பழைய வீட்டின் வாசலில், தந்தையாரின் 1967ஆம் ஆண்டு அம்பாசிடர் நிற்கும். ஸ்டியரிங்கின் பக்கத்திலேயே கியர். முன்னிருக்கையிலும் மூவர் அமரலாம். நள்ளிரவில் "பாய், வண்டி வேண்டும்" என்று எவர் கதவைத் தட்டினாலும், எந்த வீட்டார் என்று கேளாமல் சாவியை எடுப்பார். அத்தெருவின் பிள்ளைகள் பலர் பிறந்து வீடு வந்தது அந்த வண்டியில்தான்.

அவர் 1991இல் மறைந்தார். நாம் ஸனது பெற்று ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிது. பழைய வண்டி வாசலை அடைத்து நிற்பது நமக்குக் கூச்சமாக இருந்தது. 1994இல், காயல்பட்டினத்தாரின் பெயரால் வழங்குவதாகச் சொல்லப்படும் காயலான் கடை ஒன்றுக்கு இரும்பு விலையில் கொடுத்துவிட்டு, ஒரு ஸ்கூட்டர் வாங்கினோம். அம்மாவிடம் கேட்கவில்லை. வண்டியை இழுத்துச் சென்றபோது அவர் வாசலுக்கு வரவேயில்லை.

சில மாதங்களுக்குப் பின் ஓர் இரவு, எதிர்வீட்டு முதியவருக்கு நெஞ்சுவலி. அவர் மகன் பழக்கத்தால் நம் கதவையே தட்டினார். வாசலில் ஸ்கூட்டரைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் ஆட்டோ தேடி ஓடினார். முதியவர் பிழைத்தார். ஆனால் அதன்பின் நம் கதவை எவரும் இரவில் தட்டவில்லை.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனிப் பதிவு முறை வகுத்தது. அவ்வாறு பதிந்தவை கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் போகலாம், அன்றாடம் ஓடலாகாது. தந்தையாரின் வண்டி இருந்திருந்தால் அந்தச் சிறப்பு அதற்கும் கிடைத்திருக்கும். எனினும், நள்ளிரவில் அண்டை வீட்டாருக்கு உதவாத சிறப்பை அவர் விரும்பியிருப்பாரா என்பது ஐயமே.

பழைய பொருளை விற்பது குற்றமன்று. எதை விற்கிறோம் என்று அறியாமல் விற்பதே குற்றம். வாசகர் இல்லங்களில் பெரியோர் விட்டுச் சென்ற கடிகாரமோ, தொப்பியோ, வண்டியோ இருக்கலாம். விலை பேசுமுன், அதனால் யார் யார் பயனடைந்தார்கள் என்று வீட்டிலுள்ள மூத்தவரை ஒரு முறை கேளுங்கள். நாம் கேட்கத் தவறினோம்.