விமானத்தின் கால்கள்

பறக்கும் விமானத்தை வியக்கும் கண்கள் அதன் கால்களை நோக்குவது அரிது. 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த 103ஆம் விதி, எஞ்சின் பூட்டிய மிக இலேசான ஒற்றையாள் விமானத்தின் வெற்றெடை, மிதவையும் பாதுகாப்புக் கருவிகளும் நீங்கலாக, 254 பவுண்டுக்குள் அடங்க வேண்டும் என்கிறது. அதன் உறுதிக்கோ அரசுச் சான்றிதழ் கேட்பதில்லை. எடை குறைக்க முனைவோனுக்குச் சக்கரக் கால் வீண் சுமையாகவே தோன்றும். வானத்தில் அதற்கு வேலை ஏது?

ஆயினும், 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே நொடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர் வேகம் வந்துவிடும். அவ்வேகம் இருமடங்கானால், கால் தாங்க வேண்டிய ஆற்றலோ நான்கு மடங்காகும். வெறும் விறைப்பு இங்கே வலிமையாகாது. வளைந்தும், ரப்பர்க் கயிற்றை இழுத்தும் அதிர்ச்சியை விழுங்குவதே நல்ல கால். அளவு மீறிய அடியில் அது மடங்கிப் போயினும் குறையன்று. அதற்கு மேலே, மெல்லிய இருக்கையில், ஒரு மனிதனின் முதுகெலும்பு இருக்கிறது.