சைக்கிளும் செவலையும்

மலைப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவனை உலகம் ஒருவாறு மன்னித்துவிடுகிறது. ஏதோ உடம்புக்காக ஓட்டுகிறான், டாக்டர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிடுகிறார்கள். அவன் பின்னால் ஒரு நாயும் ஓடி வந்தால் சங்கதி வேறு. கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் என்னையும் என் நாயையும் பார்க்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து போயிருக்கிறார்கள். "பாவம், வாயில்லா ஜீவனை இப்படி இழுத்தடிக்கிறாரே!" என்பது ஒரு கட்சி. "நாய்க்கு ஓடுவதைத் தவிர வேறென்ன உத்தியோகம்?" என்பது இன்னொரு கட்சி. இருவரும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருகிறார்கள். நாயைக் கேட்டால் தெரிந்துவிடும் என்கிறார்கள்.

நாயைக் கேட்டால் ஒன்றும் தெரியாது. அதனிடம் இருப்பது ஒரே பதில். சுவரில் சாத்திய சைக்கிளின் மேல் என் கை பட்டால் போதும், செவலை வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வாசற்படியில் போய் நின்றுகொள்ளும். உள்ளங்காலில் முள் ஏறியிருந்தாலும் அப்படித்தான், வயிறு சரியில்லாமல் முதல் நாள் பட்டினி கிடந்திருந்தாலும் அப்படித்தான். மாடு களைத்தால் படுத்துவிடும். கழுதை நின்றுவிடும், அதன் புத்திசாலித்தனத்துக்கு நாம் பிடிவாதம் என்று பெயர் வைத்திருக்கிறோம். நாய் ஒன்றுதான் எஜமான் நிற்கிறவரையில் தானும் நிற்பதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறது. நாயோடு சைக்கிளில் போவதில் உள்ள ஆபத்தெல்லாம் இந்த ஒரு குணத்தில் அடக்கம்.

என் சிநேகிதர் ஒருவர் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் தோப்பு வைத்திருக்கிறார். கறுப்பு லாப்ரடார் ஒன்று அவரிடம் இருந்தது. நல்ல போஷாக்கான பிராணி. ஒரு மார்ச் மாதத்தில், காலை ஒன்பது மணிக்கு மேல் அதை அழைத்துக்கொண்டு மலையடிவாரத்து மண்பாதையில் பத்துக் கிலோமீட்டர் போய் வந்தார். நாய் ஓரிடத்திலும் பின்தங்கவில்லையாம். வாசலுக்கு வந்து அவர் சைக்கிளைவிட்டு இறங்கிய பிறகுதான் அதன் பின்னங்கால்கள் துவண்டன. ஈறு செக்கச் சிவந்து, எச்சில் பசை மாதிரி இழுத்தது. சாயங்காலம் போய்விட்டது. "ஒரு தடவைகூட நிற்கவில்லையே ஐயா, நின்றிருந்தால் நானும் நின்றிருப்பேனே" என்று அவர் என்னிடம் மூன்று நான்கு முறை சொன்னார். நான் என்ன பதில் சொல்வது?

நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. நாய்க்கு வேர்வை என்பது உள்ளங்கால்களில் மட்டும் கொஞ்சம். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் அது உடம்புச் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஈரம் ஆவியாகிப் போவதால் கிடைக்கும் குளிர்ச்சி அது. ஆகவே புழுக்கமான நாளில், வெயிலே இல்லாவிட்டாலும், அந்த இயந்திரம் சரியாக வேலை செய்யாது. நாயின் சாதாரண உடம்புச் சூடு 38, 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. இடையில் இருப்பது இரண்டு மூன்று டிகிரிதான். அப்படி ஆகிவிட்டால் டாக்டரைத் தேடி ஓடுவதற்கு முன் நாயை நிழலில் கிடத்திக் கையிலிருக்கும் குளிர்ந்த தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிற வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்திவிடக் கூடாது, அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். முதலில் குளிர வைப்பது, பிறகுதான் வண்டி பிடிப்பது. சிநேகிதருக்கு இது அன்றைக்குத் தெரிந்திருந்தால் பயன்பட்டிருக்குமோ என்னவோ.

எல்லா நாயும் இதற்குத் தோதானதும் இல்லை. மூக்குச் சப்பையான 'பக்' ஜாதி நாய்களைச் சைக்கிளுக்குப் பின்னால் ஓடவிடுவது கொலைக்குச் சமானம். அவை உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுக்குத் திண்டாடுகின்றன. குட்டிகளையும் கூட்டிப் போகக் கூடாது. எலும்பு முனைகள் இறுகி முடிய ஒரு வருஷமாவது ஆகும், பெரிய ஜாதிகளுக்கு ஒன்றரை வருஷம். நம் ஊர் ஜாதிகளில், 2005ஆம் வருஷம் தபால் தலையில் ஏறி உட்கார்ந்த ராஜபாளையம் கம்பீரமாகத்தான் இருக்கிறது. சிப்பிப்பாறையின் ஓட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் அது கண்ணால் வேட்டையாடுகிற ஜாதி. ஒரு முயலைக் கண்டுவிட்டால் சைக்கிளும் கிடையாது, எஜமானும் கிடையாது. செவலை கோம்பை நாய். தேனிப் பக்கத்துக் கோம்பை ஊரின் பெயரைத் தாங்கிய வம்சம். செம்மண் நிறம், கரி பூசினாற்போல் மூஞ்சி. வேகத்தில் மத்தியமம். முன்கோபம் உண்டு. சொன்ன பேச்சை மூன்றில் இரண்டு தடவை கேட்கும். மனிதர்களில் இந்த விகிதம் அபூர்வம் என்பதால் நான் குறை சொல்வதில்லை.

நாயைச் சைக்கிளோடு பழக்குவதற்கு நாலைந்து வாரம் பிடித்தது. முதலில் ஏறவே கூடாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும், சங்கிலி இல்லாத பக்கமாக நாய் வரவேண்டும். கயிற்றைக் கைப்பிடியில் கட்டுகிற வழக்கத்தைப் பலரிடம் பார்க்கிறேன். ஓர் அணில் குறுக்கே போனால் போதும். நாய் ஒரு பக்கம் பாயும், முன்சக்கரம் அதோடு திரும்பும், எஜமான் மூன்றாவது பக்கம் போவார். தார் ரோட்டில் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கழுத்துப் பட்டையில் கட்டாமல் மார்போடு சேர்த்துப் போடும் வாரில் கட்டி, மறுமுனையை ஆசனத்துக்கு அடியில், சுருள்வில் வைத்த கம்பியோடு பொருத்த வேண்டும். மண்பாதைக்கு வந்துவிட்டால் கயிறே உதவாது. வேரிலும் கல்லிலும் மாட்டிக்கொள்ளும். அங்கே வார்த்தைதான் கயிறு. எங்கள் இருவருக்கும் மூன்று வார்த்தை: 'நில்', 'பின்னால்', 'விடு'. இந்த மூன்றாவது வார்த்தையின் மகிமையைப் பின்னால் சொல்கிறேன்.

பின்சக்கரத்துக்கும் நாய்க்கும் இடையில் ஒரு சைக்கிள் நீளமாவது இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த மலைச் சைக்கிள் என்பது 1970களில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் பகுதிக் குன்றுகளில் சில வாலிபர்கள் பழைய கனத்த சைக்கிள்களைச் சீர்படுத்தி இறக்கத்தில் உருட்டி விளையாடியதிலிருந்து பிறந்தது. 1976இல் அவர்கள் நடத்த ஆரம்பித்த பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒரு தடவை இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரத்து பிரேக் சூட்டில் கிரீஸெல்லாம் புகைந்து போய்விடுமாம். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அந்தப் பெயர். இன்று அந்தச் சூடு எங்கே போயிற்று? சக்கரத்தின் நடுவில் சுழலும் மெல்லிய எஃகுத் தட்டில் இருக்கிறது. தோசைக்கல்லைப் போல் காய்ந்து, கத்தியைப் போல் சுழலும் அந்தத் தட்டு சரியாக நாயின் மூக்கு உயரத்தில் அமைந்திருக்கிறது. இறக்கத்தில் ஆசையோடு ஒட்டிக்கொண்டு ஓடி வருகிற நாயின் காலை அது நரம்போடு அறுத்துவிடும்.

இறக்கத்தில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஏற்றத்தில் நாயும் நானும் சரிசமானம். உண்மையில் அதுதான் ஜெயிக்கும். நாய் அலுக்காமல் நடையோட்டமாகப் போகும் வேகம் மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போல இருக்கும். இறக்கத்திலோ சைக்கிள் தானாகவே முப்பதைத் தொடுகிறது. நிற்கும்போதே நாயின் எடையில் அறுபது சதவீதம் முன்னங்கால்களில்தான் விழுகிறது. சரிவில் பாய்ந்தால் மொத்த உடம்பும் தோள்பட்டையில் வந்து இடிக்கும். ஆகவே நாயோடு இறங்குகிறவன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டியதுதான். வேகம் வேண்டுமானால் தனியாகப் போய்க்கொள்ளட்டும்.

சமவெளியில் வெயில்தான் எதிரி. அங்கே விடியற்காலையில் போய், புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஏழு எண்ணும்வரை பொறுக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிக் கவலை தீர்ந்தது. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோத்தகிரியில் கணக்கு தலைகீழ். விடியற்காலையும் அந்திப் பொழுதும் இங்கே சிறுத்தையின் நேரம். அதற்கு நாயைவிட லகுவான ஆகாரம் கிடையாது. வீட்டுத் திண்ணையிலிருந்தே தூக்கிக்கொண்டு போகிறது. இமயமலையில் ஆட்டிடையர்கள் தங்கள் நாய்களின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை கட்டுவார்கள். நான் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எட்டு மணிக்கு முன் கிளம்புவதில்லை, நாலு மணிக்குப் பின் வெளியில் இருப்பதில்லை. மேகம் இறங்கிவிட்டால் அன்றைக்கு முழுக்க லீவு.

இந்த இடத்தில் ஒரு முரண்பாடு இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சக்கரத்துக்குப் பயந்து நாயைப் பின்னால் வரச் சொல்கிறோம். சிறுத்தையோ வரிசையில் கடைசியாக வருவதைத்தான் பிடிக்கும். இதற்குத் தீர்வு ஒன்றும் இல்லை. மெதுவாகப் போவதும், வளைவுக்கு வளைவு நின்று திரும்பிப் பார்ப்பதும்தான்.

காட்டெருமை விஷயத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு தோட்டக் காவல்காரர். வயது எழுபதுக்குக் குறையாது. ஒரு நாள் என்னை நிறுத்தி, "ஐயா, உங்க நாய் காட்டெருமையைப் பாத்தா என்ன பண்ணும்?" என்று கேட்டார்.

"குரைக்கும்" என்றேன்.

"அது தலையைத் தூக்கி ஒரு அடி எடுத்து வச்சா?"

"என்னிடம் ஓடி வரும்."

"அதைத்தானுங்க சொல்றேன். நாய் மட்டும் வராது."

ஓர் ஆயிரம் கிலோ எடையுள்ள பிராணியை என் வீட்டு நாய் எனக்கு அறிமுகம் செய்துவைக்கிற காட்சி எனக்குப் பல இரவு தூக்கத்தில் வந்தது. கரடியும் அப்படித்தானாம், யானையும் அப்படித்தானாம். அதற்குப் பிறகு செவலை முன்னால் ஓடுவது நின்றுபோயிற்று. கண் மறைவான வளைவுகளில் நான் இறங்கி மணியடித்துவிட்டு, அதன் வாரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

'விடு' என்ற வார்த்தைக்கு வருகிறேன். காட்டுப் பன்றிக்காக வைக்கிற சுருக்குக் கம்பி தேயிலைக்குள் எங்கே இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடிவாரத்துத் தோட்டங்களில் அவுட்டுக்காய் என்று ஒன்று வைக்கிறார்கள். தின்பண்டத்துக்குள் பொதிந்த வெடி. கடித்தால் வாய் சிதறிவிடும். வைப்பது சட்டவிரோதம்தான், ஆனால் நாய் சட்டம் படிப்பதில்லை, வழியில் கிடக்கும் எதையும் வாயில் போட்டுத்தான் பார்க்கும். மருந்தடித்த தேயிலைக்குப் பக்கத்துக் குட்டையிலும் வாய் வைக்கும். ஓடையில் குடித்தால் மூக்குக்குள் அட்டை ஏறிக்கொள்ளும். ஆகவே தண்ணீர் நம்மோடு வரவேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை ஒரு சிறு கிண்ணம். ஒரேயடியாகக் கொட்டக் கூடாது. சோறு திரும்பி வந்து ஒரு மணி நேரம் கழித்து. வயிறு நிறையத் தின்றுவிட்டு ஓடினால் மார்பு ஆழமான நாய்களுக்குக் குடல் பையே முறுக்கிக்கொள்ளும்.

வேலி போட்ட காட்டுக்குள், சரணாலயத்துக்குள் நாயை அழைத்துப் போகலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. கூடாது. அனுமதியும் இல்லை, நியாயமும் இல்லை. 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்துப்போயின. பல சிங்கங்களின் உடம்பில் கண்டது நாய்களுக்கு வருகிற டிஸ்டெம்பர் வியாதியின் கிருமி. சிறுத்தையிடமிருந்து நாயைக் காப்பாற்றுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நாயிடமிருந்து காட்டைக் காப்பாற்ற வேண்டியதும் இருக்கிறது. அதற்கான ஊசியும் வெறிநாய்க்கடி ஊசியும் தவறாமல் போட்டால் இரண்டு தரப்புக்கும் க்ஷேமம்.

வீடு திரும்பியதும் நாலு பாதத்தையும் கழுவிப் பார்க்க வேண்டும். விரல் இடுக்கில் கல், காது மடலுக்குள் உண்ணி. உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்து வந்த நாளில் அரைமணி நேர வேலை. போன தை மாதத்தில் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் செவலையின் இடது தோளில் கை வைத்ததும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. முனகவில்லை, காலை இழுத்துக்கொள்ளவில்லை. முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டது. டாக்டர் தோளை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு மூட்டுத் தேய ஆரம்பித்திருக்கிறது என்றார். அதற்கு ஒன்பது வயது. அன்று காலைகூட என்னோடு ஏழு கிலோமீட்டர் ஓடி வந்திருந்தது, ஓரிடத்திலும் பின்தங்கவில்லை.

இப்போது நான் இரண்டு தடவை புறப்படுகிறேன். முதலில் செவலையோடு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, டீக்கடை வரைக்கும் ஏற்றத்தில் நடை. அங்கே அதற்கு ஒரு வர்க்கி, எனக்கு ஒரு டீ. திரும்பி வந்து அதை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, சங்கிலிச் சத்தம் கேட்காமல் சைக்கிளைத் தூக்கிக்கொண்டே கேட்டுக்கு வெளியே போய் ஏறிக்கொள்கிறேன். இந்தத் தந்திரம் இரண்டு நாள்தான் பலித்தது. திரும்பி வந்ததும் செவலை என்னிடம் வருவதில்லை. நேரே சைக்கிளுக்குப் போய் முன்சக்கரத்தை ஒரு தடவை, பின்சக்கரத்தை ஒரு தடவை, நிதானமாக முகர்ந்து பார்க்கிறது. எந்த வழியாகப் போய் வந்தேன் என்பது அதற்குத் தெரிந்துவிடுகிறது.