வண்டிக்கு வந்த ரோஷம்

கார் வாங்குவது, விற்பது, சர்வீஸுக்கு விடுவது எல்லாம் ஆண்கள் இலாகா என்றுதான் நம் வீடுகளில் பேச்சு. ஆனால் மின்சாரக் கார் வந்தால் பெட்ரோல் பங்கே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது, சகோதரிகளே! ராத்திரி பத்து மணிக்கு மறக்காமல் பிளக்கைச் செருகுவது யார்? விடிகாலையில் அதே வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவது யார்? குழந்தை அந்தப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்வது யார்? கரண்ட் பில் வந்ததும் பெருமூச்சு விடுவது யார்? ஆகவே எந்த சார்ஜர் வாங்குவது என்ற பேச்சு நடக்கும்போது, காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடாமல் நாமும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டியதுதான்.

எங்களுடையது ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் பழைய வீடு. ஒரு பக்கத்துத் திண்ணையை எடுத்துவிட்டு வண்டி நிற்க இடம் பண்ணியிருக்கிறோம். மாமியார், நாங்கள் இருவர், மூன்று வயதில் ஒரு வாண்டுப் பெண். என் வீட்டுக்காரருக்குத் திருவெறும்பூர் பக்கம் வேலை. போக, வர, நடுவில் காந்தி மார்க்கெட்டுக்கு ஒரு நடை என்று நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடும். நாங்கள் வாங்கியது 24 யூனிட் கொள்ளும் பாட்டரி வைத்த சின்ன வண்டி.

சார்ஜர் இரண்டு விதம். ஒன்று, வண்டியோடு வரும் கேபிள். கீஸருக்குப் போடுகிறோமே பெரிய மூன்று பின் பிளக், அந்த 15 ஆம்பியர் பாயின்ட்டில் செருகுவது. இன்னொன்று, சுவரில் மாட்டும் பெட்டி. அதற்குத் தனி விலை. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 15 ஆம்பியரால் பெருக்கினால் 3,450 வாட். அதனால்தான் சின்னதை 3.3 கிலோவாட் சார்ஜர் என்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மூன்று யூனிட் சொச்சம் எடுக்கும். பெரிய பெட்டி 7.2 கிலோவாட்; அதற்கு 32 ஆம்பியர் வேண்டும். எங்கள் வண்டி மாதிரி ஒன்றைக் காலியிலிருந்து நிரப்ப, சின்னதற்கு எட்டு ஒன்பது மணி நேரம், பெரியதற்கு நாலு மணி நேரத்துக்குள்.

"பெரிசாவே வாங்கிடலாம், ஒரேயடியா முடிஞ்சு போகும்" என்றார் இவர்.

"ஏன்னா, தினம் காலியாவா வந்து நிக்கப் போறது?" என்றேன் நான். பேப்பர் பென்சிலோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஊருக்குள் ஓடும் சின்ன மின்சாரக் கார் யூனிட்டுக்குச் சுமார் 7 கிலோமீட்டர் கொடுக்கும். 40 கிலோமீட்டருக்கு ஆறு யூனிட். சின்ன சார்ஜரிலேயே இரண்டு மணி நேர வேலை! வண்டியோ ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை எட்டு வரை வாசலில் சும்மா நிற்கிறது. 2001-ல் பெங்களூரிலிருந்து வந்த ரேவா என்ற குட்டிக் கார்கூட வீட்டு 15 ஆம்பியர் பாயின்ட்டில்தான் ராத்திரி முழுக்க நின்று வயிற்றை நிரப்பிக்கொண்டது. தினம் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுபவர்களுக்கும், பெரிய பாட்டரி வண்டிக்காரர்களுக்கும், வீட்டில் இரண்டு மின்சாரக் கார் உள்ளவர்களுக்கும் பெரியது உபயோகப்படும்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. வண்டிக்குள்ளேயே ஒரு சார்ஜர் இருக்கிறது. வீட்டு மின்சாரத்தைப் பாட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுப்பது அதுதான். அதன் சக்தி 3.3 கிலோவாட்தான் என்றால், வாசலில் 7.2 பெட்டியை மாட்டினாலும் 3.3 தான் ஏறும். குழாய் எவ்வளவு பெரிசாக இருந்து என்ன, குடத்தின் வாய் கொள்கிற அளவுதானே தண்ணீர் விழும்! எம்.ஜி. காமெட் 2023-ல் வந்தபோது 3.3 உடன்தான் வந்தது. ஒரே வண்டியிலேயே மாடலுக்கு மாடல் இது மாறும். கேட்டுக்கொண்டு பணத்தைக் கட்டுங்கள்.

சரி, சின்னதே போதும் என்று முடிவாயிற்று. வண்டி வந்தது. கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, ராத்திரி கேபிளை கீஸர் பாயின்ட்டில் செருகினால், நடுவில் இருக்கும் சின்னப் பெட்டியில் சிவப்பு விளக்கு! வண்டி ஒரு பொட்டு மின்சாரம்கூட ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறது.

மறுநாள் ஓர் எலெக்ட்ரீஷியன் வந்தார். பார்த்தவுடனே, "எர்த் வரலை மாமி. ஒரு துண்டு ஒயர் போதும். பிளக்குக்குள்ளே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துட்டா பெட்டி ஏமாந்துடும், சார்ஜ் ஏறும். அஞ்சு நிமிஷ வேலை" என்றார்.

பெட்டி ஏமாந்துவிடும், சரி. மின்சாரம் ஏமாறுமா? "நியூட்ரல் ஒயர் எங்கேயாவது அறுந்து போனா அப்புறம் கரண்ட் எங்கே போகும்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பதில் இதுதான்: திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் அந்தத் துண்டு ஒயர் வழியாக வண்டியின் உடம்புக்கே வந்துவிடும். கதவு, கைப்பிடி, பானெட் எல்லாம் உயிருள்ள கம்பி மாதிரி ஆகும். எங்கள் வாண்டு கை அலம்பிய ஈரத்தோடு ஓடிப்போய் வண்டியைத் தட்டிக் கொடுக்கும் பெண். வேண்டாம் என்று அவரைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். வண்டி நாலு நாள் சும்மா நின்றாலும் நின்றுவிட்டுப் போகட்டும்.

அடுத்து, உரிமம் பெற்ற ஒரு தம்பி மீட்டரோடு வந்தார். கீஸர், சமையலறை, பின்கட்டு என்று ஒவ்வொரு பாயின்ட்டாகப் பார்த்துவிட்டு, "மாமி, இந்த வீட்லயே எர்த் இல்லீங்க. மூணாவது ஓட்டை சும்மா ஓட்டைதான்" என்றார். பழைய காலத்து இரண்டு ஒயர் லைனில் பிற்பாடு யாரோ மூன்று ஓட்டை சாக்கெட்டுகளை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்!

எனக்குச் சட்டென்று எங்கள் வெட்கிரைண்டர் ஞாபகம் வந்தது. ஈரக்கையோடு தொட்டால் சுரீர் என்னும். கல்யாணமான புதிதில் சொன்னபோது, "பொடி ஷாக்தாண்டிம்மா, மணை மேல நின்னுண்டு அரை" என்றார் மாமியார். அவருக்கு அவருடைய மாமியார் சொல்லிக் கொடுத்த வைத்தியம். வருஷக்கணக்காக இந்த வீட்டுப் பெண்கள் மர மணையில் நின்று மாவு அரைத்திருக்கிறோம். வாஷிங் மிஷினுக்கு ரப்பர் செருப்பு, ஃப்ரிட்ஜுக்கு முந்தானை நுனி. நாம் பொறுத்துக்கொண்டதை வண்டி பொறுக்கவில்லை. எர்த் இல்லாத வீட்டில் நான் சாப்பிட மாட்டேன் என்று ரோஷத்தோடு சொல்லிவிட்டது!

எர்த் என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முற்றத்துத் தண்ணீர் வீட்டுக்குள் தேங்காமல் ஓட ஜலதாரை வைக்கிறோம் அல்லவா? அதுபோல, வழி தவறி இரும்பு உடம்புக்கு வந்துவிட்ட மின்சாரம் நம் மேல் பாயாமல் மண்ணுக்குள் இறங்கிப்போக ஒரு வழி. கொல்லையில் ஆழமாகக் குழி எடுத்து, குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடினார்கள். அதிலிருந்து தாமிரக் கம்பி வீடு முழுவதும் போயிற்று. மீட்டர் வைத்துப் பார்த்தபோது 5 ஓமுக்குள் காட்டியது. அவ்வளவு இருந்தால் வீட்டுக்குப் போதும் என்றார் தம்பி. கூடவே ஆர்.சி.சி.பி. என்ற காவல்காரனையும் வைத்தோம். 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடும்.

வண்டிக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுத்தோம். கீஸர் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். வண்டியோ மணிக்கணக்காக ஒரே மூச்சில் இழுக்கும். மெல்லிய பழைய ஒயர் சூடேறிப் புகைந்துவிடும். அதனால் 4 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயர், அதற்கென்று ஒரு எம்.சி.பி., தரமான சாக்கெட். எல்லாம் சேர்த்து, சுவர்ப் பெட்டியின் விலையில் பாதிகூட ஆகவில்லை. அன்று சாயங்காலம் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே மாமியார் வெறுங்காலோடு கிரைண்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னடி இது, ஒண்ணுமே பண்ணலையே!" என்று அதிசயப்பட்டார். அந்த மணை இப்போது ஊஞ்சலடியில் குழந்தைக்கு உட்காரும் பலகை.

பில் சமாசாரத்தையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்தில் வண்டி மட்டும் 300 யூனிட் போல எடுக்கிறது. நம் மின்கட்டணத்தில் யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். 2022 செப்டம்பரில் வந்த பட்டியலில் 500 யூனிட்டைத் தாண்டினால், முதலில் செலவான யூனிட்டுகளில் சிலவற்றுக்கும் விலை கூடியது. ஆகவே உங்கள் பழைய பில்லோடு வண்டியின் யூனிட்டைக் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் எங்களுக்கு மிச்சம்தான். பெரிய சார்ஜர் வைப்பதானால் மின்வாரிய அலுவலகத்தில் வீட்டின் அனுமதி லோடைக் கூட்ட எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஃபிளாட்டில் இருப்பவர்கள் தங்கள் மீட்டரிலிருந்தே வண்டி நிற்கும் இடத்துக்கு லைன் இழுக்கலாம். வீட்டு இணைப்பிலேயே வண்டியை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரியில் தந்த வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சங்கத்தாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இன்னும் சில குறிப்புகள்:

சாக்கெட்டைக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில், மழைச்சாரல் படாத மூடியோடு வையுங்கள். கேபிள் நடைபாதையிலும் கோலம் போடும் இடத்திலும் குறுக்கே கிடக்கக் கூடாது. நாங்கள் விடிவதற்குள் சார்ஜை முடித்துக் கேபிளைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிடுகிறோம்.

எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடவே கூடாது. சார்ஜ் முடிந்து சுவிட்சை அணைத்ததும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

ஆர்.சி.சி.பி.யில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அமாவாசைக்கு அமாவாசை அழுத்துங்கள். மின்சாரம் நின்றால் காவல்காரன் விழித்திருக்கிறான் என்று அர்த்தம். கோடையில் எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள்.

எங்கள் மாதிரி தேரோடும் வீதியில் இருப்பவர்கள், தேருக்கு முதல் நாளே வண்டியை நிரப்பி வேறு தெருவில் கொண்டு நிறுத்திவிடுங்கள்.

சார்ஜர் எது என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன், "எங்காத்துல எர்த் இருக்கா?" என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கார் வாங்கும் உத்தேசமே இல்லாதவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கிரைண்டர் சுரீர் என்கிற வீடு ஒன்றா, இரண்டா?