கோணல் மாறாத வீடு

பழைய மரவீடுகளைப் பழுதுபார்க்கும் தச்சனின் தூக்குக்குண்டுக்கு லிட்டில் மோர்ட்டன் ஹாலில் பெரிய வேலை இல்லை. அங்கே நேராக நிற்கும் சுவரைத் தேடத்தான் வேண்டும். இங்கிலாந்தின் செஷயரில், அகழி சூழ்ந்த ஓக் மர வீடு அது. 1500களின் தொடக்கத்தில் மோர்ட்டன் குடும்பம் கட்ட ஆரம்பித்து, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டே போனது.

கோணலுக்குக் காரணம் உச்சியில் இருக்கிறது. தெற்குக் கட்டின் தலைமேல் சுமார் 20 மீட்டர் நீளத்துக்கு ஒரு நடைக்கூடம், மழைநாளில் உலாவ. அதற்கு மேல் கனத்த கற்பலகைக் கூரை. கீழ்ச்சட்டங்கள் அந்தப் பாரத்துக்கென்று போட்டவை அல்ல. தளங்கள் வளைந்தன, சுவர்கள் பிதுங்கின. ஆனால் விழவில்லை.

விழாததற்குக் காரணம் மூட்டுகள். காய்ந்த ஓக் உளிக்கு லேசில் இணங்காது என்பதால் பச்சையாகவே இழைத்தார்கள். சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கான கழுந்தில் போடும் துளையை, அது நுழையும் சட்டத்தின் துளைக்கு நேராகப் போடாமல், கழுந்தின் தோள்பக்கம் இம்மி தள்ளிப் போடுவார்கள். கூராகச் சீவிய மரஆணி உள்ளே இறங்கும்போது வளைந்துகொடுத்துக் கழுந்தை இழுக்கும். தோள் போய்ப் பொருந்தியதும் சுத்தியல் ஓசை கனத்துவிடும். கைக்கு அது போதும். மரம் காய்ந்து சுருங்கினாலும் பிடி விடாது.

முற்றத்து ஜன்னல்களில் 1559 என்ற ஆண்டு செதுக்கப்பட்டிருக்கிறது. செய்தது வில்லியம் மோர்ட்டன் என்று ஒரு வரி. கடவுள் அருளால் செய்தது தச்சன் ரிச்சர்ட் டேல் என்று இன்னொரு வரி. யார் பக்கம் என் ஓட்டு என்று சொல்லத் தேவையில்லை.

பலரும் படமெடுக்கும் அந்தக் கறுப்பு வெள்ளைப் பளிச்சில் எனக்கு மயக்கம் இல்லை. இத்தகைய வீடுகளின் மரத்துக்குக் கருப்பு பூசுவது பெரும்பாலும் விக்டோரியா காலத்து மோகம். அதைவிடக் கெடுதல் சட்டங்களுக்கிடையே சிமெண்ட் பூசுவது. மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை மரத்தோடு பூட்டிவைத்து உள்ளுக்குள்ளேயே மக்கவைக்கும்.

பின்னாளில், அநேகமாக அதே குடும்பத்து எலிசபெத் மோர்ட்டன் காலத்தில், நடைக்கூடத்துக்கு எஃகுக் கம்பிகள் போட்டு இறுக்கினார்கள். நிமிர்த்தப் பார்க்கவில்லை, அதுதான் சரி. வளைந்தபடியே காய்ந்த சட்டத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினால் மூட்டுதான் பிளக்கும். இப்படிப்பட்ட வீட்டில் கால்மரம் மக்கினால், மக்கிய அடியை மட்டும் அறுத்து, மேல்மரத்தின் சாய்வுக்கே அட்டையில் அச்செடுத்து, புதுத் துண்டையும் அதே கோணலில் செதுக்கி ஒட்டுப்போடுகிறோம்.