பழைய மொந்தையும் புதிய கள்ளும்

புதிய மொந்தையில் பழைய கள் என்பது உலக வழக்கு. அதை எழுத்துக்கு எழுத்து செய்துகாட்டிய தொழிற்சாலை ஒன்று சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985இல் வெளியிட்ட ‘ஸ்டாண்டர்டு 2000’ காருக்கு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் நவீன உடல்; உள்ளேயோ, பல பத்தாண்டுகள் பழைய வான்கார்டு எஞ்சினின் வழிவந்த 1991 சி.சி. எஞ்சின். கார் விலைபோகவில்லை; சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. அதே நிறுவனம் 1960களில் செய்த ஹெரால்டு ஒன்று எங்கள் வீட்டில் நிற்கிறது. அப்பா 1969இல் வாங்கியது. இந்தப் பழைய மொந்தையில் புதிய கள்ளை ஊற்றலாமா என்பதே அவர் மறைந்தபின் உடன்பிறந்தோர் மூவரும் ஓராண்டு பேசிய பேச்சு.

ஹெரால்டை வெறும் குடும்பக் கார் என்று ஒதுக்கிவிட முடியாது. 1959இல் டிரையம்ப் நிறுவனத்துக்காக அதை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலோட்டி. தனிச் சட்டகத்தின்மேல் உடலைப் பூட்டும் அமைப்பு அது. அச்சட்டகத்தைக் குறுக்கித்தான் 1962இல் ‘ஸ்பிட்ஃபயர்’ என்னும் ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. அதே ஆண்டு ஹெரால்டின் உடலுக்குள் ஆறு சிலிண்டர் 1596 சி.சி. எஞ்சினை வைத்து ‘விட்டெஸ்’ வந்தது. 1966இல் ஸ்பிட்ஃபயர் சட்டகத்தின்மேல் 1998 சி.சி. எஞ்சினோடு ‘ஜி.டி.6’ வந்தது. ஆக, பெற்றவர்களே இதயத்தை மாற்றிப் பார்த்த குடும்பம் இது.

எங்கள் வண்டியின் எஞ்சின் 948 சி.சி.; ஏறத்தாழ 35 குதிரைத்திறன். சிலிண்டர்கள் தேய்ந்து, இனியொரு ரீபோர் தாங்காது என்ற நிலை. மெக்கானிக் சொன்ன மாற்று, மாருதி ஜிப்சியின் 1298 சி.சி. எஞ்சின். 80 குதிரைத்திறன், ஹெரால்டில் இருப்பதுபோலவே நீளவாக்கில் அமர்ந்து பின்சக்கரங்களைச் சுழற்றுவது. அண்ணன் உடனே சம்மதித்தார். அம்மா ஒருபடி மேலே போய், “ஓடாத வண்டிக்கு வருஷா வருஷம் எதுக்குடா பொட்டு வைக்கறீங்க?” என்றார். தட்டிவிடக்கூடிய கேள்வி அன்று அது.

ஆனால் எஞ்சின் மாற்றம் எஞ்சினோடு நிற்பதில்லை. கியர்பாக்ஸ், புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம், ரேடியேட்டர், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாறும். இரு மடங்குக்கும் மிகுந்த விசையை அடக்க எங்கள் வண்டியின் டிரம் பிரேக்குகள் போதா. விட்டெஸ் செய்தவர்களும் சட்டகத்தை வலுப்படுத்தி, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தார்கள். சட்டமும் குறுக்கே நிற்கிறது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிய வழிசெய்த 2021ஆம் ஆண்டு விதியோ, சட்டகமும் உடலும் எஞ்சினும் பெரிய மாற்றமின்றி இருக்க வேண்டும் என்கிறது.

தமிழ் படித்த பழக்கத்தால் எங்களுக்குச் சுவடிப் பதிப்பு நினைவுக்கு வந்தது. ஏடு சிதைந்த இடத்தில் தம் சொல்லை இட்டு நிரப்பும் பதிப்பாசிரியர் உண்டு. புள்ளியிட்டுவிட்டு வேறு பிரதி தேடிப் போகிறவரும் உண்டு. முன்னவர் கையில் செய்யுள் உடனே ஓடத் தொடங்கிவிடும். எது யாருடைய சொல் என்பது பின்வருபவருக்குத் தெரியாமல் போய்விடும். எஞ்சினே இல்லாமல் காயலான் கடையில் கிடக்கும் உடலுக்குப் புது எஞ்சின் உயிர்ப்பிச்சைதான். எங்கள் வண்டியிலோ மூலம் தேய்ந்திருந்ததே அன்றி அழிந்துவிடவில்லை.

ஆகவே சிலிண்டர்களுக்குள் புதிய ஸ்லீவ் இறக்கி, பழைய அளவுக்கே கடையச் செய்தோம். எட்டு மாதம் பிடித்தது. ஜிப்சி எஞ்சினுக்கு ஆகியிருக்கக்கூடியதைவிடச் செலவும் மிகுதி. அடிக்கடி தொல்லை தந்த இக்னிஷன் பாயிண்டை மட்டும் எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் அமைப்பை வைத்தோம். எடுத்த பாயிண்டைச் சீட்டு எழுதி டப்பாவில் வைத்திருக்கிறோம். பாடபேதத்தை அடிக்குறிப்பில் தருவதுபோல.

வண்டி இப்போது ஓடுகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்துக்குமேல் அதை வருத்துவதில்லை. நெடுஞ்சாலையில் எல்லோரும் முந்திச் செல்கிறார்கள். அண்ணனுக்கு அந்தக் குறை தீரவில்லை. பதிவுப் புத்தகத்தில் அப்பாவின் பெயர் இருந்த இடத்தில் அம்மாவின் பெயர் வந்துவிட்டது. எஞ்சின் எண் மட்டும் 1969இல் எழுதியதே.