மீசையும் கொசுவும்

“ஆம்பளைக்கு ஏதுடா காய்ச்சல்? வேர்த்தால் விட்டுப்போகும்!”

அப்பாவின் வாய்மொழி இது. நாமக்கல் வட்டாரத்திலே குச்சிக்கிழங்கு வாங்கி, ஜவ்வரிசி ஆலைகளுக்கு அனுப்பும் வணிகர் அவர். அனலாய்க் கொதித்த உடலோடு மூன்று நாள் கடையில் அமர்ந்திருந்தார். நான்காம் நாள் மூட்டைமீதே சாய்ந்தார். டெங்கு என்றார் மருத்துவர். வகுப்பிலே கொசுவைப்பற்றிப் பாடம் நடத்தும் நாம், அந்த மூன்று நாளும் வாய்மூடி நின்றோம். ஏன்? அப்பாவின் வீறாப்பிலே நமக்கும் ஒரு பெருமை இருந்தது!

மருத்துவமனையில் கண்விழித்த இரவுகளிலே, கையிலிருந்த வரலாற்று ஏட்டில் வேறு சில வணிகரைக் கண்டோம். தராசோடு வந்து, துப்பாக்கியோடு நிலைத்த கிழக்கிந்தியக் கம்பெனியார்! சேலம் சீமையின் பெரும்பகுதி 1792இல் திப்புவிடமிருந்து அவர்கள் கைக்குப் போயிற்று. காய்ச்சலுக்குக் காரணம் நச்சுக் காற்று என்றனர். வெப்பம் ஆண்மையை உருக்கும் என்று அஞ்சினர். நீராவிக் குளியலில் வாழ்பவர்போன்ற வங்காளியர் பெண்தன்மை மிக்கவர் என்று, 1841இல் இழித்தெழுதினார் மெக்காலே. அந்த ஆண்மைச் சிங்கங்கள் காலராவைத் தடுக்க என்ன செய்தனர் தெரியுமா? வயிற்றிலே கம்பளிப் பட்டை கட்டிக்கொண்டனர்! நம் தாயத்தைக் கண்டு நகைத்தவர் இடுப்பிலே கம்பளித் தாயத்து!

சேலம் சீமையில் ஏழாண்டு பணியாற்றிய தாமஸ் மன்றோ, மைசூர்ப் போர் கண்ட வீரர். பின்னர் சென்னை ஆளுநர். 1827இல் அவரைச் சாய்த்தது வாளா? வேலா? இல்லை, காலரா!

1897இல் செகந்தராபாத்திலே ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். மனிதனைக் கடிப்பது பெண் கொசு மட்டுமே! அது மீசையைப் பார்ப்பதில்லை, நிறத்தைக் கேட்பதில்லை. கம்பெனி போயிற்று, அதன் வீறாப்போ நம் வீட்டுத் திண்ணையிலே இன்றும் கால்மேல் கால்போட்டு அமர்ந்திருக்கிறது.

அப்பா பிழைத்தார். வீடு திரும்பிய அன்று அம்மா மெல்லக் கேட்டார்: “போன வருசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்போ, பொம்பளை ஒடம்பே இப்படித்தான்னு சொன்னீங்க. உங்களுக்கு வந்தா மட்டும் அது கொசுவாலயாங்க?”

அப்பா விடை கூறவில்லை. மறுநாள் காலை, கடைக்குப் பின்னே மூடாது கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் தம் கையாலேயே கவிழ்த்தார்.

தோழர்களே! காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரை நாடுவது கோழைத்தனமன்று, அறிவுடைமை. வீட்டிலே தேங்கிய நீரைக் கவிழ்ப்போம். நெஞ்சிலே நெடுநாள் தேங்கிக் கிடக்கும் ‘ஆண்மை’ எனும் நீரையும் சேர்த்தே கவிழ்ப்போம்!